மோர் கேட்ட எதிரி

போன வாரம், சப்டைட்டில் எழுதப் பழகும் உங்களில் ஒருவர் தன் கோப்பை என் பார்வைக்கு அனுப்பியிருந்தார். போர் வேண்டாம் என்று சொல்கிற படம். நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் எதிரிப் படைவீரன் வாயைத் திறக்கும் இடத்தில் எல்லாம் அடைப்புக்குறி போட்டு, 'வேற்று மொழியில் பேசுகிறான்' என்று ஒரே வரி. எண்ணிப் பார்த்தேன், பதினொரு இடம். பதினொரு முறையும் அந்த ஆள் ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு அவ்வளவு தகுதி கிடையாது. இந்தத் தொழிலில் நான் கால் வைத்ததே அப்படி ஒரு வரியைச் சொதப்பித்தான். அந்தச் சொதப்பலால் எனக்கு ஒரு ஹவில்தார் பழக்கமானார். அவரிடம் ஒரு வேடிக்கைக் கதை இருந்தது. அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்த கதை. அதைக் கெடுக்கும் ஒரு உண்மை பிறகு என் கையில் வந்து சேர்ந்தது. சொல்வதா விழுங்குவதா என்று நான் பட்ட பாட்டைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஓய்வு பெற்றவர்கள் பேச ஆரம்பித்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோயமுத்தூரில் எங்கள் திரைப்படச் சங்கத்துக்கு என்று ஒரு இடம் கிடையாது. காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடிக் கூடத்தில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படம் போடுவோம். சன்னல்களில் கறுப்புத் துணி. துணி வெளிச்சத்தை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. திரையில் பனி கொட்டும், பீரங்கி முழங்கும், கீழே டவுன் பஸ் கண்டக்டர் 'சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், சூலூர்' என்று கூவுவார். ஐரோப்பாவின் பாதிப் போர்களை நாங்கள் சூலூர் போகும் வழியில்தான் பார்த்தோம்.

அப்போது உங்களைப் போலக் கணினியில் எழுத முடியாது. படச்சுருளோடு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த வசனப் பட்டியல் ஒன்று தபாலில் வரும். அதை நான் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, படம் ஓட ஓட மைக்கில் சொல்ல வேண்டும். தளபதியும் நான், சிப்பாயும் நான், சாகிறவனும் நான். எல்லோருக்கும் ஒரே பெண்பிள்ளைக் குரல். மீசை வைத்த மேஜர் என் குரலில் 'முன்னேறுங்கள்' என்று உத்தரவு போடும்போது முதல் வரிசையில் சிரிப்பு கேட்கும். எங்கள் சங்கச் செயலாளர் லேத் பட்டறை வைத்திருந்தவர். என் கூச்சத்தைப் பார்த்து, "அம்மணி, ரெண்டு நிமிசத்துல பழகிப்போயிருமுங்க. பத்தாவது நிமிசம் அந்த ஆளுக்கே உங்க கொரலுதான்னு நெனச்சுப்போடுவாங்க" என்று தைரியம் சொல்வார். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்தில் இரண்டே பேர். எதிரெதிர்ப் படைகளைச் சேர்ந்த இரண்டு சிப்பாய்கள் பனிக்காலத்தில் ஒரு இடிந்த மாவு மில்லில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவனுக்குக் காலில் அடி. ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாது. வசனப் பட்டியலில் கதாநாயகன் பேசுவது மட்டும் இருந்தது. எதிரி பேசும் இடங்களில், இப்போது உங்கள் கோப்பில் இருக்கிறதே, அதே அடைப்புக்குறிதான். அந்த இடங்களில் சும்மா இருந்துவிடலாம் என்று நானும் செயலாளரும் முடிவு செய்திருந்தோம்.

படம் தொடங்குமுன் செயலாளர் முகம் வெளுத்து ஓடி வந்தார். ஓய்வு பெற்ற ராணுவ ஹவில்தார் ஒருவர், சூலூர்க்காரர், மனைவியோடு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாராம். பட்டாளத்துக்காரனைக் கேவலப்படுத்தும் படம் என்று யாரோ சொல்லி, பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறாராம். எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நரைமுடி, நிமிர்ந்த முதுகு. பக்கத்தில் ஒரு ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி.

படம் ஓடியது. எதிரி முதன்முதலாகப் பேசும் கட்டம். அடிபட்டவன் பக்கத்தில் மண்டியிட்டு ஏதோ கேட்கிறான். நான் சும்மா இருந்தேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஏனுங்க, அவன் என்னுங்க சொல்றான்?" இன்னொரு குரல், "மைக்கு போயிருச்சுங்களா?" நான் பதறிவிட்டேன். பதற்றத்தில் எழுத்துத் தமிழ் எல்லாம் பறந்து, கொடுமுடியில் பிறந்த வாயிலிருந்து வந்தது இதுதான். "ஏனுங்க, ரொம்ப வலிக்குதுங்களா?"

கூடமே சிரித்தது. துப்பாக்கி பிடித்த எதிரி 'ஏனுங்க' போட்டுப் பேசினால் சிரிக்க மாட்டார்களா? ஆனால் சிரிப்பு அடங்கியதும் கூடம் மாறிவிட்டது. அவன் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அடுத்தடுத்த அடைப்புக்குறிகளையும் என் இஷ்டத்துக்கு நிரப்பினேன். "ஊட்டுல எனக்கு ரெண்டு பொண்ணுங்க, சின்னதுக்கு இன்னும் பல்லு மொளைக்கலீங்க" என்று ஒரு வரி எடுத்துவிட்டேன். பெண்கள் பக்கம் 'த்சோ' என்றார்கள். கால் மணி நேரம் கழித்து அவன் சட்டைப் பையிலிருந்து புகைப்படம் ஒன்றை எடுத்துக் காட்டினான். படத்தில் ஒரு குதிரை நின்றது.

"அம்மணி, பொண்ணுக எங்கீங்க?" என்று அதே பின்வரிசைக் குரல். அன்று நான் பட்ட அவமானத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. தெரியாத வரியை விடுவது ஒரு தப்பு என்றால், தெரியாத வரிக்குச் சொந்தமாகச் சரக்கு சேர்ப்பது அதைவிடப் பெரிய தப்பு. இதை நீங்களும் செய்து பார்த்துத்தான் கற்பீர்கள், என்னைப் போல மூன்றாவது மாடியில் மைக் முன்னால் அல்லாமல் இருந்தால் சரி.

படம் முடிந்து டீ கொடுக்கும்போது ஹவில்தார் எழுந்து நேராக எங்களிடம் வந்தார். செயலாளர் என் பின்னால் நகர்ந்துகொண்டார். லேத் பட்டறைக்காரருக்கு அவ்வளவுதான் வீரம்.

"படத்துல ஒரு தப்பும் இல்லீங்க" என்றார் ஹவில்தார். "பட்டாளத்துக்காரனை மனுசனாத்தான் காட்டியிருக்காங்க. ஆனா அம்மணி, எதிரி இத்தனை பேச்சுப் பேச மாட்டானுங்க. என்றகிட்ட ஒருத்தன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். மோரு கேட்டானுங்க."

"மோரா?" என்றேன்.

"ஆமாங்க, மோரு!" என்று அவர் தொடங்கினார். டீ டம்ளரோடு எல்லோரும் சுற்றி நின்றுவிட்டார்கள். அப்போது அவர் சிப்பாய். எல்லையில் ஒரு கரும்புக்காடு. சண்டை முன்னால் நகர்ந்துவிட்டது. தொடையில் குண்டு பட்டுக் கிடந்த எதிரி நாட்டுச் சிப்பாய் ஒருவனுக்குக் காவலாக, ஸ்ட்ரெச்சர் வரும்வரை இவரை விட்டுவிட்டுப் போனார்கள். "எனக்கு இந்தி தெரியுமுங்க. பஞ்சாபியும் அரைகொறையாத் தெரியும். அவன் பேசினது ரெண்டும் இல்லீங்க. கண்ணை மூடிட்டு, 'மோரே, மோரே'ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நம்மூர்ப் பக்கம் மாடு மேச்சுப்போட்டுப் போனவனான்னு நெனச்சுப்போட்டேன்."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். "கேக்கறானே, என்ன பண்றது? டீக்கு வெச்சிருந்த பால்பொடி இருந்துச்சு. தண்ணி இருந்துச்சு. என்ற அம்மா குடுத்துவுட்ட எலுமிச்சங்கா ஊறுகாயி ஒரு துண்டு பையில கெடந்துச்சு. எல்லாத்தையும் மெஸ் டின்னுல போட்டுக் கலக்கிப்போட்டேன். வெள்ளையா இருந்துச்சுங்க, புளிச்சுது. மோருதானுங்களே! தலையைத் தூக்கி மடியில வெச்சு ஊத்தினேன். ஒரு வாயி குடிச்சுப்போட்டு மூஞ்சியைச் சுளிச்சான் பாருங்க, சாமி! ஆனா அத்தனையும் குடிச்சான். ஸ்ட்ரெச்சர் வார வரைக்கும் இந்தக் கையை வுடலீங்க."

வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். அவன் பிழைத்தானா என்று கேட்டேன். தூக்கிக்கொண்டு போகும்போது உயிரோடு இருந்தான், அதற்குமேல் தெரியாது என்றார். "பொழைச்சிருந்தா, தமிழனுக்கு மோரு கரைக்கத் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பானுங்க."

அன்றிலிருந்து அவர் எங்கள் படம் ஒன்றைக்கூட விட்டதில்லை. சரசக்காவும் ஒயர் கூடையும் எப்போதும் கூடவே. சரசக்கா என்பது அவர் மனைவி. படம் முடியும், கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் வெளியே வருவார்கள், டீ வரும், யாராவது, "ஹவில்தாருங்க, அந்த மோரு கதை" என்பார்கள். அவரும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார். அழுது வந்த கூட்டம் சிரித்துக்கொண்டு படி இறங்கும். எங்கள் சங்கத்தில் படத்துக்கு ஆள் குறைந்தாலும் மோர்க் கதைக்குக் குறைந்ததில்லை.

இரண்டு ஆண்டு இப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் மலைநாட்டு அகதிகளைப் பற்றிய சிறு படம் ஒன்று வந்தது. முன்னோட்டம் பார்க்க நானும் செயலாளரும் மட்டும். ஒரு கட்டத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கூடாரங்களுக்கு நடுவே ஓடுகிறாள். பட்டியலில் 'more' என்று ஆங்கில எழுத்தில் இருந்த சொல்லை அப்படியே ஆங்கிலமாகப் படித்து, மைக் இல்லாமலே சத்தமாகச் சொன்னேன். "இன்னும் குடு! இன்னும் குடு!"

செயலாளர் எந்திரத்தை நிறுத்தினார். "ஏனுங்க அம்மணி, அந்தப் புள்ளை கையில ஒண்ணுமே இல்லீங்களே. யாரு எதைக் குடுத்தாங்க, இன்னும் கேக்கறதுக்கு?"

மறுபடி ஓட்டினோம். சிறுமி ஓடுகிறாள், கூவுகிறாள், ஒரு கூடாரத்திலிருந்து ஒரு பெண் வெளியே வந்து அவளை அள்ளிக்கொள்கிறாள். ஒலிபெருக்கியில் இப்போது தெளிவாகக் கேட்டது. 'மோரே! மோரே!' பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பஷ்து, பட்டாணியர் பேசும் மொழி. மோர் என்றால் அம்மா. கூப்பிடும்போது மோரே.

நானும் செயலாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இருவருக்கும் அந்தக் கரும்புக்காடுதான் நினைவுக்கு வந்தது. எத்தனை முறை சிரித்திருக்கிறேன்! அவன் தொடையில் குண்டோடு கிடந்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான், நாங்கள் டீ குடித்துக்கொண்டே சிரித்திருக்கிறோம்.

"சொல்லிப்போடாதீங்க அம்மணி" என்றார் செயலாளர். "மனுசன் அந்தக் கதையை வெச்சுத்தான் சந்தோசமா இருக்காரு. இத்தனை வருசம் கழிச்சு இதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறாருங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். பத்து நாள் நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு மாலை காந்திபுரத்தில் சூலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பஸ் கிளம்புமுன் இறங்கிவிட்டேன். நான் யார், ஒரு பெரிய மனிதரின் சிரிப்பைப் பிடுங்க? குதிரையை இரண்டு பெண்பிள்ளைகளாக்கியவளுக்கு உண்மை பேச என்ன அருகதை?

ஆனால் மனசு கேட்கவில்லை. நான் யோசித்தது ஹவில்தாரைப் பற்றி மட்டும் அல்ல. அந்தக் காட்டில் இன்னொருத்தனும் இருந்தான். அவன் சொன்னது ஒரே ஒரு சொல். அது என்னவென்று இந்தக் கோயமுத்தூர் முழுக்க எனக்கும் ஒரு லேத் பட்டறைக்காரருக்கும்தான் தெரியும். நானும் அதை மறைத்தால், அவனையும் அடைப்புக்குறிக்குள் போட்டு மூடியது போலத்தான். இந்தத் தொழிலில் நான் எடுத்த ஒரே பெரிய முடிவு அதுதான். மற்றதெல்லாம் வாக்கியத்தை நீட்டுவதா குறுக்குவதா என்கிற விவகாரம்.

அடுத்த சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினேன், இறங்கவில்லை. சூலூரில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் அவர் வீடு. "வாங்க அம்மணி, வாங்க! என்னுங்க இத்தனை வெயில்ல?" என்று இருவரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். சரசக்கா முகம் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். சிறுமி ஓடியதை, நான் தப்பாகப் படித்ததை, அடிக்குறிப்பை எல்லாம்.

ஹவில்தார் சிரிக்கத் தயாராகத்தான் கேட்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. வலது மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டார்.

"அம்மான்னு கூப்பிட்டிருக்கான்" என்றார் பிறகு. "நான் ஊறுகாயைக் கரைச்சு ஊத்திப்போட்டு, அதைக் கதையாச் சொல்லிச் சிரிச்சிட்டுத் திரிஞ்சனுங்களே அம்மணி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்திருக்கவே கூடாது என்று நினைத்தேன். செயலாளர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

"அந்தப் புள்ளை எப்படிக் கூப்பிட்டுச்சுங்க?" என்று கேட்டார். "அதே மாதிரி ஒருக்கா சொல்லுங்க. அவன் சொன்னதும் அதுதானான்னு பாக்கோணும்."

ஊரில் உள்ள தளபதிகளுக்கெல்லாம் குரல் கொடுத்தவள், இதற்குத் தயங்கினேன். கனைத்துக்கொண்டு, அந்தச் சிறுமி கூவியது போலவே உரக்கக் கூவினேன். "மோரே! மோரே!"

"வாரனுங்க, வாரனுங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இதோ, கடைஞ்சுட்டேதான் இருக்கறேன்!"

ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி, இரண்டு பெரிய டம்ளர் மோரோடு சரசக்கா வந்து நின்றார். நான் அவரைப் பார்த்தேன், ஹவில்தாரைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடியது. நானும் சிரித்தேன், எனக்கும் ஓடியது. சரசக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னுங்க ஆச்சு ரெண்டு பேருக்கும்? உப்பு கூடிப்போச்சுன்னு குடிக்கறதுக்கு முன்னாலயே தெரிஞ்சு போச்சுங்களா?"

ஹவில்தார் அவரை உட்கார வைத்து, தானே எல்லாவற்றையும் சொன்னார். சரசக்கா அந்தக் கதையைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டவர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு டம்ளரைக் கணவர் கையில் கொடுத்தார்.

"அதுக்கேனுங்க சங்கடப்படறீங்க?" என்றார். "அம்மான்னு கூப்பிட்டா யாராச்சும் ஒருத்தரு போகோணுமுங்கல்ல? அந்தக் காட்டுல நீங்கதான் இருந்தீங்க. நீங்க போனீங்க."

அந்த மாதக் கடைசியில் எங்கள் படம். ஹவில்தார் வருவாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார், அதே இரண்டாவது வரிசை. படம் முடிந்து டீ வந்தது. யாரும் கேட்காமலே அவர் தொடங்கினார். கரும்புக்காடு, பால்பொடி, ஊறுகாய் எல்லாம் வழக்கம் போல. கூட்டம் வழக்கம் போலச் சிரித்தது. பிறகு, "இத்தனை நாள் உங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தையைத் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க" என்று நிறுத்தினார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னார். கீழே சூலூர் பஸ் கண்டக்டர் கூவுவது மட்டும் கேட்டது.

அந்த அமைதியில் அவர் பக்கத்தில் இருந்த சரசக்கா ஒயர் கூடையைத் திறந்தார். உள்ளே பெரிய எவர்சில்வர் தூக்குப்போசி நிறைய மோர். இத்தனை நாள் அந்தக் கூடையில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது, அன்று அதுதான் இருந்தது. டீ குடித்த டம்ளர்களைக் கழுவச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். ஹவில்தார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக் காட்டினார். கூடம் மறுபடி சிரித்தது. அவர் டம்ளரை வைக்கவில்லை.

"அவனும் இப்படித்தானுங்க சுளிச்சான்" என்றார். "அம்மா குடுத்தா மூஞ்சியைச் சுளிச்சுட்டாச்சும் குடிச்சுத்தானுங்க ஆகோணும்."